வலிக்காத சூடு

விருத்தாசலம்
12-11-2025, புதன்

அன்புள்ள கனிமொழிக்கு,

நலமா என்று எழுத ஆரம்பித்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். காய்ச்சலில் படுத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? உன் நம்பருக்குப் போட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. உன் தம்பி சாமிதுரை என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறான் என்று பட்டறைப் பச்சமுத்து அண்ணன் சொன்னார். அதனால்தான் காகிதமும் பேனாவும். தபால் ஆபீஸில் கவர் கேட்டபோது அங்கிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. இந்த வயதில் வேலைக்கு மனு போடுகிறான் என்று நினைத்திருக்கும்.

சனிக்கிழமை பட்டறையின் பீங்கான் சூளையில் சரக்கு ஏற்றிவிட்டு மதியம் வந்தேன். கதவு பூட்டியிருந்தது, சாவி பக்கத்து வீட்டு ராஜம்மாள் அக்காவிடம் இருந்தது. உனக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டு உன் அம்மா திட்டக்குடியிலிருந்து வந்தார், எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினார், பிறகு பையைக் கட்டி உன்னை பஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். குளிக்கிற இடத்தில் சீயக்காய் நுரை காயாமல் இருந்தது. பாதி வாளி வெந்நீர் ஆறிக் கிடந்தது. பாதி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே யாராவது எழுந்து போவார்களா? வெகுநேரம் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சாமிதுரை பேசினான். "இனிமே ஒன்ன மாமான்னு கூப்புட மாட்டேன்" என்றுதான் ஆரம்பித்தான். உன் இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், பீடியால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதாம். சுற்றிலும் சிவந்திருக்கிறதாம். தண்ணீர் ஊற்றும்போது உன் அம்மா பார்த்தாராம். "பொண்டாட்டிக்குச் சூடு வக்கிறவன்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டான். உன் அக்காவையே கேளுடா என்றேன். "கேட்டாச்சு. தெரியலன்னு சொல்லுது" என்று வைத்துவிட்டான்.

கனி, அவர் செய்யவில்லை என்று நீ சொல்லியிருக்கலாம். அவர்தான் செய்தார் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், சண்டை போட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். தெரியலை என்றால் நான் என்ன செய்வேன்? உன் உடம்பில் நெருப்பு வைத்தால் உனக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆடி மாதத்து அந்த ஒரு நாளைத் தவிர நான் உன்னிடம் முறைத்துப் பேசியதுகூடக் கிடையாது. அன்றைக்கும் பேசத்தான் பேசினேன். மறுநாளே பீடியையும் விட்டேன், குடியையும் விட்டேன்.

வீட்டில் பீடி இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள வீட்டைப் புரட்டிப் போட்டேன். பரணில் பழைய பொம்மை அச்சு மூட்டைக்குப் பின்னால் பாதி பிடித்த பீடி ஒன்று கிடந்தது. காய்ந்து சருகாகியிருந்தது. எப்போது போட்டேன் என்று நினைவில்லை. அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். இதை உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இங்கே கார்த்திகை விளக்கு ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. மழை விட்ட பாடில்லை, வார்த்த விளக்கு காயாமல் சூளைக்குள் போனதும் விரிசல் விடுகிறது. விரிந்ததையெல்லாம் பின்னால் குப்பை மேட்டில்தான் கொட்டுகிறோம். போன வருஷம் கண் வரையாமல் கழித்துப்போட்ட பொம்மைகள் அங்கே கிடக்கின்றனவே, மழையில் மண் கரைந்து அந்த முகங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. புல்லும் முள்ளும் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. நடுநடுவே வெள்ளை முகங்கள். பட்டறைப் பெண்கள் நீங்கள் எல்லோரும் அந்த மேட்டு வேப்பமரத்தடியில்தானே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்? இப்போது யாரும் போவதில்லை. உன்னோடு சேர்த்து மூன்று பெண்களுக்குக் காய்ச்சல். பொம்பளைகள் அதற்கு மேட்டுக்காரி என்று பெயரே வைத்துவிட்டார்கள். தன் இடத்தில் உட்கார்ந்தவளை அவள் விடமாட்டாளாம். நான் சிரித்தேன். பச்சமுத்து அண்ணன் சிரிக்கவில்லை.

கஞ்சியில் கொஞ்சம் உப்பு போட்டுக் குடி. யாரிடமாவது சொல்லி ஒரே ஒரு தடவை பேசு.

கோபம் தீராத,
திருமால்


விருத்தாசலம்
17-11-2025, திங்கள்

அன்புள்ள கனி,

முதல் கடிதம் உன் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. வந்திருந்தால் அதில் இருக்கிற கோபத்தை விட்டுவிடு. இந்தக் கடிதத்தை எழுதுகிறவன் வேறு ஆள் மாதிரி இருக்கிறான்.

நீ சொன்ன தெரியலை என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு புதன்கிழமை இரவு முழுக்க யோசித்தேன். உனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் தூக்கத்தில்தான் நடந்திருக்க வேண்டும். உன் தூக்கத்தில் என்றால் என் தூக்கத்திலும் இருக்கலாம் அல்லவா? சின்ன வயதில் நான் எழுந்து நடப்பேன் என்று அம்மா சொல்லியிருக்கிறது. ஒரு தடவை மாட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்திருந்தேனாம்.

வியாழக்கிழமை பட்டறையிலிருந்து பீங்கான் மாவு ஒரு பை எடுத்துவந்தேன். படுப்பதற்கு முன் சல்லடையில் சலித்துப் பாயைச் சுற்றி, கதவு வரைக்கும், அடுப்படி வரைக்கும் தூவினேன். எழுந்து நடந்தால் காலடி விழட்டும் என்றுதான். தீப்பெட்டியை ராஜம்மாள் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. அக்காவுக்கும் உடம்பு சரியில்லை, போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

காலையில் எழுந்து பார்த்தேன். என் காலடி ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் மற்றதைப் பார்த்தேன். சுவரோரத்திலிருந்து பாய் வரைக்கும் சின்னச் சின்னக் கைகள் கனி. விரல் விரலாக, ஒரு நகம் அகலத்துக்கு. பாயின் ஓரமாகவே வந்து, என் இடுப்புக்கு நேராகச் சுற்றிச் சுற்றி இருந்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தன. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எலிதான், வேறு என்ன, என்று பச்சமுத்து அண்ணன் சொன்னார். மழைக்கு மேட்டு வளைகளில் தண்ணீர் புகுந்து எலியெல்லாம் வீட்டுக்குள் வருகிறதாம். எலி என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அதைக் கூட்டிப் பெருக்க என் கை போகவில்லை. வெள்ளியும் தூவினேன். சனிக்கிழமை காலையில் அந்தக் கைகள் இன்னும் அதிகமாக இருந்தன.

நேற்றுக் குளிக்கும்போது பார்த்தேன். என் இடுப்பில், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, கறுப்பாக ஒரு வட்டம். பீடி நுனி அளவு. சுற்றிலும் சிவப்பு. சாமிதுரை உன்னுடையதைச் சொன்னானே, அதே மாதிரி. தொட்டால் வலிக்கவில்லை, அழுத்தினாலும் வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வீட்டில் பீடியும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. காலடியும் இல்லை. பிறகு யார்? படுத்த இடத்தை விட்டு எழாமலே ஒருவன் தனக்குத்தானே சூடு வைத்துக்கொள்ள முடியுமா? எனக்குள்ளே வேறு ஒருவன் குடியிருந்து, நான் தூங்கினதும் எழுந்து உட்கார்கிறான் என்றுதான் தோன்றுகிறது. காலையிலிருந்து தலை வலிக்கிறது, குளிராகவும் இருக்கிறது.

என் அம்மாவின் இடது கையில் மூன்று தழும்பு இருந்ததே, நீ கேட்டபோது எண்ணெய் தெறித்தது என்று அம்மா சொன்னது. எண்ணெய் தெறித்தால் வரிசையாகவா தெறிக்கும்? அது அப்பா வைத்தது. உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அதனால்தான் ஆடியில் நீ "ஒங்கம்மா எப்பிடித்தான் ஒங்கப்பாவோட குடும்பம் நடத்துனாங்களோ" என்று சொன்னாய். நீ எங்கம்மாவுக்காகப் பரிதாபப்பட்டுச் சொன்னது. எனக்கு ஏன் அப்படி வந்தது? "சூடு வச்சிடுவேன்" என்றேன். அது அப்பாவின் வார்த்தை, அப்பாவின் தொண்டை. அதற்கு முன்னால் என் வாயில் அது வந்ததே கிடையாது. பீடி என் கையில் இருந்தது. நீ பின்னால் நகர்ந்து அலமாரியில் இடித்துக்கொண்டாய். உன் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இறக்கினேனா?

நீ வராதே கனி. நான் என்ன என்று எனக்கே தெரிகிற வரைக்கும் இந்த வீட்டுக்கு வராதே. அத்தை உன்னை அழைத்துக்கொண்டு போனது நல்லதுக்குத்தான்.

திருமால்


அரசு மருத்துவமனை, ஆண்கள் வார்டு
விருத்தாசலம்
20-11-2025, வியாழன்

மதிப்புக்குரிய அத்தைக்கு,

மருமகன் திருமால் கும்பிட்டு எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன்னால் இந்த முதல் பத்தியை மட்டும் படித்துவிடுங்கள். கனிமொழியின் இடுப்பில் இருக்கிற கறுப்பு வட்டத்தை இன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். அது சூடு இல்லை. ஒரு பூச்சி கடித்த இடம். அவளுக்கு வந்திருப்பது கிளினிக்கில் சொன்ன டைபாய்டு இல்லை, உண்ணிக் காய்ச்சல். அதற்கு வேறு மாத்திரை இருக்கிறது. பேரை நர்ஸம்மா தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். காய்ச்சல் கண்டு பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இனி தள்ளினால் நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்விடும் என்கிறார்கள். உங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும் என்று கனி சொல்லியிருக்கிறாள், அதனால் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

இனி மற்றதைப் படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம்.

திங்கள்கிழமை சாயங்காலம் நான் வீட்டில் விழுந்து கிடந்தேனாம், பச்சமுத்து அண்ணன்தான் ஆட்டோவில் தூக்கிவந்தார். இங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயது, கைலியை இறக்கு என்றார். நான் மாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்தால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். வார்டு பையனை விட்டுக் கையைப் பிரித்துப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதத்தாங்க தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். நான் எனக்கே சூடு வைத்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாத்திரை போட்ட மறுநாள் சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது அத்தை. அவ்வளவுதான் வைத்தியம்.

நேற்று சுகாதாரத் துறையிலிருந்து கோகுலகிருஷ்ணன் என்று ஒருவர் வந்தார். எலி பிடித்து அதில் ஒட்டியிருக்கும் பூச்சியைச் சோதிப்பதுதான் அவர் உத்தியோகம். எங்கள் குப்பை மேட்டிலும் என் வீட்டிலும் பொறி வைத்து எலி பிடித்திருக்கிறார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, எங்கள் பட்டறையில் வார்த்த வெள்ளைத் தட்டு ஒன்றில் எதையோ தட்டினார். மிளகாய்ப்பொடி சிந்தின மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பொடி நகர்ந்தது. எலியின் காதுக்குள் அப்பியிருந்ததாம். வெள்ளைத் தட்டில் இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. "இது ஆயுசுல ஒரே தடவதாங்க கடிக்கும், குஞ்சா இருக்கறப்ப. கடிச்சது நமக்குத் தெரியவே தெரியாது" என்றார். துணி இறுக்கிக் கட்டுகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருமாம்.

காய்ச்சலைக் கொடுப்பது அந்தப் பூச்சி இல்லையாம், அதற்குள்ளே இருக்கிற ஒரு கிருமியாம். பூச்சிக்கு அதனால் ஒரு கெடுதலும் கிடையாது என்றார். "அது உள்ள குடியிருக்குது, இது பாட்டுக்கு வாழுது. தாய்கிட்டேருந்து முட்டைக்குப் போவுது, முட்டையிலேருந்து அடுத்த தாய்க்கு. அந்த வம்சத்துல பொறக்குறது பெரும்பாலும் பொட்டதாங்க. ஆணு பொறந்தா கிருமிக்கு அதோட வழி அடஞ்சிடுது" என்றார். யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு, தனக்கு வேண்டிய பிள்ளையைத் தானே பொறுக்குகிற மாதிரி இல்லையா? அந்தப் பூச்சிக்குத் தன்னுள் ஒருவர் இருப்பது தெரியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காய்ச்சல் விட்டுவிட்டதா என்று நர்ஸைக் கேட்டார்.

அதன் பிறகு நர்ஸம்மா எங்கள் தெருவுக்குப் போய்ப் பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ராஜம்மாள் அக்காவின் அக்குளில் அதே வட்டம். பத்து நாளாக அக்கா யாரிடமும் சொல்லவில்லை. "எங்க வூட்டுக்காரரு வேற மாதிரி நெனச்சுக்குவாரு" என்றதாம். அக்காவும் இப்போது பக்கத்துப் பெண்கள் வார்டில் இருக்கிறது, காலையில் இட்லி சாப்பிட்டதாம். காய்ச்சலில் படுத்த இன்னொரு பெண்ணைத்தான் காப்பாற்ற முடியவில்லை. தீபாவளிக்குப் பிறகு வேலைக்கு வந்தவள், கம்மாபுரத்துப் பெண். அவள் செத்த பிறகு குளிப்பாட்டியவர்கள்தான் அவள் முதுகில் இருந்ததைப் பார்த்தார்களாம். மேட்டுக்காரியின் அடையாளம் என்று பேசிக்கொண்டே பிணத்தை எடுத்துவிட்டார்கள்.

அத்தை, நீங்கள் கனியைக் காட்டுகிற கிளினிக்கில் பச்சமுத்து அண்ணனின் கொழுந்தியாள் ஆயாவாக இருக்கிறது. நேற்று அது மூலமாக டாக்டரின் காதில் விஷயத்தைப் போட்டேன். டாக்டர் இடுப்பைப் பார்க்க வேண்டும் என்றபோது "அவ வூட்டுக்குத் தூரமுங்க" என்று சொல்லித் தடுத்துவிட்டீர்களாம். "எம்பொண்ணு ஒடம்புல ஒரு தழும்பும் கெடையாது" என்று சொல்லிவிட்டு, அப்போதே வீட்டுக்கும் அழைத்துக்கொண்டு போய்விட்டீர்களாம். மஞ்சளை அரைத்துப் பூசித் துணியால் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். இன்று காலையில் வார்டு பையனின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் நீங்கள் வைத்துவிட்டீர்கள். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன், வராந்தாவிலேயே விழுந்துவிட்டேன். அதனால் பச்சமுத்து அண்ணனை வண்டியில் அனுப்புகிறேன். அவரை வெளியே நிற்க வைத்தாலும் பரவாயில்லை, கடிதத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் மறைக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. தை மாதம் பாரதிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறீர்கள். மூத்தவளைப் புருஷன் சுட்டு அனுப்பிவிட்டான் என்று வெளியே தெரிந்தால் சின்னவள் கதி என்ன? டாக்டர் பார்த்தால் போலீஸ் வரும், நான் உள்ளே போவேன், கனி காலம் முழுக்க வாழாவெட்டி என்று பேர் வாங்குவாள். அப்படித்தானே யோசித்தீர்கள்? என்னைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தும், என்னையும் சேர்த்துத்தான் மறைக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது.

ஒன்றை மட்டும் நான் மறைக்கக் கூடாது. அந்த வட்டம் நான் வைத்தது இல்லை. ஆனால் வைத்துவிடுவேன் என்று சொன்னவன் நான். ஆடி மாதம், கையில் பீடியோடு, அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அதைக் கேட்டவள் என்ன பதில் சொல்லுவாள்? தெரியலை என்று சொன்னாளே, அதுவே என் மேல் அவள் காட்டிய தயவு. நாலைந்து நாள் அவளை நினைத்துக் கோபப்பட்டேன், வெட்கமாக இருக்கிறது. பூச்சிக்கு அதன் தாய் கொடுத்த கிருமியை என் உடம்பிலிருந்து மாத்திரையால் விரட்டிவிட்டார்கள். எனக்கு என் அப்பா கொடுத்ததற்கு இந்த ஆஸ்பத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கனியை என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை, கேட்கவும் மாட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிடட்டும், அதற்குப் பிறகு வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

இப்போதே ஆட்டோ பிடித்து எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் அழைத்துக்கொண்டு போங்கள். துணியை அவிழ்த்து, மஞ்சளைக் கழுவிவிட்டு, அந்த இடத்தைக் காட்டுங்கள். டாக்டர் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்கும்போது, பூச்சி என்று சொல்ல உங்களுக்கு நம்பிக்கை வராவிட்டால் என் பேரைச் சொல்லுங்கள். "மருமவன் திருமாலு சூடு வச்சிட்டான்" என்றே சொல்லுங்கள். போலீஸைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும். வாசலிலிருந்து மூன்றாவது கட்டில், நான் எங்கேயும் போக மாட்டேன், கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். காட்டினால் போதும் அத்தை.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
திருமால்